வெறும் வயிறு என்பது ஒரு நேரம் அல்ல

'வெறும் வயித்துல போடுங்க.' மருத்துவர் சொல்கிறார், நர்ஸ் அக்கா சொல்கிறார், மெடிக்கல் ஷாப்பில் அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கிற தம்பி சொல்கிறான். வாங்கிக்கொண்டு போகிறவர் வீட்டில் அதையே திருப்பிச் சொல்கிறார். இந்த மூன்று சொற்களோடுதான் எனக்குச் சண்டை. மாத்திரையோடு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் சீரகத் தண்ணி கோஷ்டி இந்தக் கட்டுரையைப் பாதி படித்துவிட்டு, 'பாத்தீங்களா, நாங்க அப்பவே சொன்னோம்' என்று வாட்ஸப்பில் கிளம்பிவிடும். அவர்களுக்கும் கீழே ஒரு பத்தி வைத்திருக்கிறேன்.

பேன்டோபிரசோல், ஒமிப்ரசோல், ரபிப்ரசோல், எசோமிப்ரசோல் என்று வால் ஒரே மாதிரி முடிகிற மாத்திரைக் குடும்பம் இது. எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: கேஸ் மாத்திரை. இது வாயுவுக்கான மருந்தே இல்லை, அமிலத்துக்கானது. ஆனால் ஏப்பம், எதுக்களிப்பு, நெஞ்செரிச்சல், நடு முதுகில் குத்து என்று எது வந்தாலும் 'கேஸ்தான்' என்பது பண்ணைக்காட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த நோயறிதல். பெயரில் எனக்குப் பெரிய புகார் இல்லை. பி.ஃபார்ம் படித்துவிட்டு ஊருக்குப் போய் அம்மாவின் வாய்ச்சொல்லைத் திருத்துகிற ஆள் இல்லை நான். நேரத்தில்தான் புகார்.

இந்த மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். சண்டையே அதற்குள்தான் இருக்கிறது. ஜெலுசில் மாதிரி, வயிற்றில் இறங்கியதும் அங்கே கிடக்கிற அமிலத்தை முறிக்கிற சரக்கு அல்ல இது. அமிலம் பட்டால் இந்த மருந்தே கெட்டுப்போகும். அதனால்தான் மேலே ஒரு பூச்சு. பூச்சோடு வயிற்றைக் கடந்து, சிறுகுடலில் கரைந்து, இரத்தத்தில் ஏறி, ஊரைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்புற வழியாக வயிற்றுச் சுவருக்கே திரும்பி வருகிறது. அந்தச் சுவரில் அமிலம் சுரக்கும் செல்கள் இருக்கின்றன, செல்லுக்குள் அமிலத்தை இறைக்கிற பம்புகள் இருக்கின்றன. சாப்பாடு இல்லாத நேரத்தில் பெரும்பாலான பம்புகள் உள்ளே மடங்கிக் கிடக்கும். சோறு போனதும் எழுந்து வெளிப்பக்கம் வந்து இறைக்கத் தொடங்கும். மருந்தின் கையில் சிக்குவது அப்படி இறைத்துக்கொண்டிருக்கிற பம்பு மட்டும்தான். தூங்குகிற பம்பைத் தொடாது. ஒருமுறை பிடித்துவிட்டால் அந்தப் பம்பு அதோடு சரி, உடம்பு புதிதாக ஒன்று செய்தால்தான் உண்டு. ஒரே நாளில் எல்லாம் சிக்காது. முழுப் பலன் தெரிய மூன்று முதல் ஐந்து நாளாகும். 'எரியும்போது ஒண்ணு போட்டுக்குவேன்' என்பது இந்தக் குடும்பத்து மாத்திரைக்குப் பொருந்தாத பழக்கம்.

ஆக, மருந்து இரத்தத்தில் இருக்கும்போது பம்பு விழித்திருக்க வேண்டும். இரண்டும் சந்திக்க வேண்டும். சந்திக்காவிட்டால் மாத்திரை ஈரலில் உடைந்து கழிவாகப் போய்விடும்.

சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் என்ன ஆகும்? இங்கே குடும்பத்துக்குள்ளேயே வித்தியாசம் இருக்கிறது. லான்சோபிரசோலை உண்ட அரை மணி கழித்துப் போட்டால் உடம்பில் சேர்கிற அளவு 50 முதல் 70 சதவீதம் வரை குறைகிறது. எசோமிப்ரசோலில் ஏறத்தாழ பாதி போய்விடுகிறது. பேன்டோபிரசோல் கொஞ்சம் நல்ல பிள்ளை. சாப்பாடு இருந்தாலும் மொத்தமாகச் சேரும் அளவு பெரிதாகக் குறைவதில்லை, ஆனால் சேர்வது இரண்டு மணி நேரம், சில நேரம் அதற்கும் மேல், தள்ளிப்போகிறது. இதை வைத்துக்கொண்டு 'பேன்டோபிரசோல்தானே, எப்ப போட்டா என்ன' என்று தோளைக் குலுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் குறிப்பேட்டிலேயே உணவோடும் போடலாம், இல்லாமலும் போடலாம் என்று இருக்கிறது என்பது அவர்கள் வாதம். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உடம்பில் சேர்வது ஒரு கணக்கு, சேர்ந்தது பம்பைப் பிடிப்பது இன்னொரு கணக்கு. இந்த இரண்டாவது கணக்கை வைத்துத்தான் அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர்களின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல், எதுக்களிப்பு நோய்க்கு இந்த மாத்திரைகளைச் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்னால் போடச் சொல்கிறது.

கவனியுங்கள். அங்கே இருப்பது 'சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்.' இங்கே நமக்கு வந்து சேர்ந்தது 'வெறும் வயிறு.' இரண்டும் ஒன்று என்று நினைக்கிறவர் யார் தெரியுமா? எட்டரை மணிக்கு இட்லி தட்டில் வந்து விழும் என்று உறுதியாகத் தெரிந்தவர். அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

எங்கள் ஊருக்கு வருவோம். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறுகிற மலைச்சாலையை விட்டுப் பிரிந்து தாண்டிக்குடி போகிற வழி. கொடைக்கானல் என்றால் உங்களுக்கு ஏரியும் படகும் ஞாபகம் வரும். கீழ்ப்பழனி மலையில் இருக்கிற எங்களுக்குக் காப்பி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சு. காப்பிப் பழம் எடுக்கிற பருவத்தில், நவம்பரிலிருந்து தை மாசம் வரை, வீட்டுப் பெண்கள் நாலரைக்கு எழுந்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பொங்கி வைத்து, தூக்குவாளியில் தனக்கு அடைத்துக்கொண்டு, ஒரு டம்ளர் வரக்காப்பி. (காப்பி விளைகிற ஊரில் நல்ல கொட்டை எல்லாம் லாரி ஏறிவிடும், எங்கள் டம்ளருக்கு வருவது வேறு. அது தனிக் கட்டுரை.) ஏழு மணிக்கு ஜீப் அல்லது நடை. முதல் கவளம் சோறு வாய்க்குப் போவது பத்தரைக்கு, மரத்தடியில்.

இந்தப் பெண்ணிடம் 'காலைல வெறும் வயித்துல ஒண்ணு' என்று சொல்லி மாத்திரையைக் கொடுத்தால் அவர் எப்போது போடுவார்? சொன்னபடிதான் போடுவார். ஐந்தரைக்கு, வரக்காப்பிக்கு முன்னால். வயிறு அப்போது உண்மையிலேயே வெறும் வயிறு. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. எங்கம்மா மூன்று வருடம் இப்படித்தான் போட்டார், ஒரு நாள் தவறாமல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பேன்டோபிரசோல் போட்ட இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் இரத்தத்தில் உச்சத்தைத் தொடும். பிறகு ஏறக்குறைய மணிக்கு மணி பாதியாகும். ஐந்தரைக்குப் போட்டால் எட்டுக்கு உச்சம், ஒன்பதுக்குப் பாதி, பத்துக்குக் கால். பத்தரைக்குத் தூக்குவாளியைத் திறந்து, சோறு இறங்கி, பம்புகள் சோம்பல் முறித்து எழுந்து வரும்போது மருந்து ஐந்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மூன்று மணி நேரம் பம்புகள் மும்முரமாக இறைக்கும். அந்த நேரத்தில்தான் மருந்து உச்சத்தில் இருக்க வேண்டும், அரை மணி, ஒரு மணி முன்னால் போடச் சொல்வது அதற்குத்தான். வரக்காப்பியும் அமிலத்தைக் கிளப்பும், அதனால் கொஞ்சம் பம்புகள் ஐந்தரைக்கும் விழித்திருக்கும், முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு ஈரல் இந்த மருந்தை மெதுவாக உடைக்கும், அவர்களுக்கு என் கணக்கு தளர்ந்துபோகும். மற்றவர்களுக்கு? மதியம் பன்னிரண்டு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூடையை இறக்கி வைக்கிற பெண்ணிடம் 'மாத்திரை கேக்கல' என்று ஊரே சொல்கிறது. அடுத்த முறை மருத்துவரும் அப்படியே முடிவு செய்து, வேறு கம்பெனி, கூட ஒரு டோம்பெரிடோன் சேர்த்த மாத்திரை, அல்லது இரண்டு வேளை என்று ஏற்றுகிறார். முதல் மாத்திரைக்கு ஒரு நாள்கூடச் சரியான வாய்ப்புக் கிடைக்கவில்லை என்பது யாருடைய சீட்டிலும் எழுதப்படுவதில்லை.

இதற்கு நேர் எதிரான கூத்து ஒன்றும் உண்டு. செட் மாத்திரை. மூட்டை தூக்கி இடுப்பு வலி, உடம்பு வலி என்று கடைக்குப் போனால், ஒரு வலி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை, கலர் கலராக ஏதாவது ஒரு சத்து மாத்திரை, மூன்றையும் ஒரே காகிதத்தில் மடித்துத் தருவது. வலி மாத்திரை வயிற்றை அரிக்கும், அதனால் 'சாப்ட்டுட்டுப் போடுங்க'. கேஸ் மாத்திரை அந்த அரிப்பிலிருந்து காப்பாற்ற வந்தது, அதைச் சாப்பிடும் முன்னால் போட வேண்டும். ஒரே பொட்டலத்தில் இருப்பதால் இரண்டும் சாப்பிட்ட பிறகு ஒரே மடக்கில் உள்ளே போகின்றன. திருடனும் காவலும் ஒரே பஸ்ஸில் ஏறுகிறார்கள், காவல் மட்டும் இரண்டு மணி நேரம் தாமதமாக இறங்குகிறது. பெரியவர்கள் சிலர் முழுங்க முடியாமல் மாத்திரையை இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பதும் நடக்கிறது. பூச்சு போய்விட்டால் மருந்தை வயிற்று அமிலமே தின்றுவிடும் என்று அவர்களிடம் யார் சொன்னார்கள்?

இன்னொரு விஷயம். நீண்ட காலம் நம் ஊர்களில் கேஸ் மாத்திரை என்றால் ரானிடிடின்தான். காலை ஒன்று, இரவு ஒன்று. அது வேறு குடும்பம், வேறு வழியில் அமிலத்தைக் குறைப்பது. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பது அதற்குப் பெரிய பிரச்சினை இல்லை. புற்றுநோய் அபாயமுள்ள கலப்படப் பொருள் பற்றிய கவலையால் 2020 ஏப்ரலில் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. 2022 செப்டம்பரில் வந்த நம் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அது இல்லை. பழைய மாத்திரையின் இடத்துக்குப் புது மாத்திரை வந்தது. பெயர் அதே கேஸ் மாத்திரை, பழக்கம் அதே பழக்கம். மாறியது கடிகாரம் மட்டும், அதைத்தான் யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

இப்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம். மாத்திரை வேலை செய்யவில்லை என்று திரும்பிப் போனால் கிடைக்கிற அறிவுரை: 'நேரத்துக்குச் சாப்பிடணும்மா. நீங்க ஒழுங்கா சாப்பிடறதில்ல.' ஒரு மருத்துவமனையில் என் முன்னாலேயே எங்கம்மாவிடம் சொன்னார்கள். அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். வெளியே வந்து என்னிடம் சொன்னது: 'எட்டு மணிக்குச் சாப்பிடுன்னா எட்டு மணிக்குக் காட்டுல யாரு இலை போடுவா?'

நேரத்துக்குச் சாப்பிடாதது அவர் குணக்கேடு மாதிரி பேசுகிறார்கள். அவருடைய நேரம் அவர் கையில் இல்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே என்ன சொன்னது? ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, அதற்குள் அரை மணியாவது ஓய்வு கொடுக்க வேண்டும் என்றது. அதாவது ஐந்து மணி நேரம் வரை ஓய்வே தராமல் வேலை வாங்குவது அந்தச் சட்டத்துக்கு உட்பட்டதாகத்தான் இருந்தது. அதுவும் குறிப்பிட்ட பரப்பும் ஆள் எண்ணிக்கையும் உள்ள தோட்டங்களுக்கு. எங்கள் பக்கம் நிறைய இருக்கிற சின்னத் தோட்டங்களில் மேஸ்திரி கை காட்டுகிற நேரம்தான் சாப்பாட்டு நேரம்.

அரசாங்கத்துக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். மறு வருடம் ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரித்தார்கள். பிள்ளைகள் காலையில் சாப்பிடாமல் பள்ளிக்கு வருகிறார்கள் என்று தெரிந்துதானே அந்தத் திட்டம்? நல்ல திட்டம், எங்கள் தெருப் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள், சந்தோஷம். பிள்ளைக்கு வீட்டில் காலைச் சாப்பாடு இல்லை என்று ஒத்துக்கொள்கிற அதே அரசின் மருந்துச் சீட்டு, அந்தப் பிள்ளையின் தாய்க்குக் காலைச் சாப்பாடு இருக்கிறது என்று எப்படி எடுத்துக்கொள்கிறது? கல்வித் துறைக்குத் தெரிந்தது சுகாதாரத் துறைக்குத் தெரியவில்லையா? 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வாசல் வரை வர முடிந்தவர்களுக்கு, 'நீங்க எத்தன மணிக்குச் சாப்பிடுவீங்க' என்று கேட்க முடியாதா?

சீரகத் தண்ணி கோஷ்டிக்கு ஒரு பத்தி தருவதாகச் சொன்னேன். 'அந்தக் காலத்துல இந்த மாத்திரையெல்லாம் இருந்துச்சா? நம்ம தாத்தா பாட்டி நல்லாத்தானே இருந்தாங்க?' இல்லை, நன்றாக இல்லை. எவரெஸ்ட்டில் 1922லும் 1924லும் ஏறப்போன ஹோவர்ட் சாமர்வெல் என்கிற அறுவை மருத்துவர், அன்றைய திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிற நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவர் பேர் வாங்கியது எதில் தெரியுமா? வயிற்றுப்புண், குடல்புண் அறுவையில். அவ்வளவு பேர் வந்தார்கள், நம் தாத்தா பாட்டிகள்தான். குன்னூரில் ஆராய்ச்சிக்கூடம் வைத்திருந்த ராபர்ட் மக்காரிசன், திருவிதாங்கூர் ஏழைகளின் மரவள்ளிக்கிழங்குச் சாப்பாட்டை எலிகளுக்குப் போட்டுப் பார்த்து, அவற்றின் வயிற்றிலும் புண்ணைக் கண்டார். புண்ணோடு வந்தவர்களுக்கு அன்று கத்திதான் வழி. வயிற்றைத் திறந்து குடலோடு வேறு இடத்தில் ஒட்டுப் போட்டு அனுப்புவார்கள். ஜேம்ஸ் பிளாக் கண்டுபிடித்த சிமெடிடின் 1970களில் வந்த பிறகும், 1988இல் ஒமிப்ரசோல் வந்த பிறகும்தான் கத்தி பின்வாங்கியது. புண்ணுக்குப் பெரும் காரணம் ஒரு பாக்டீரியா என்று பாரி மார்ஷலும் ராபின் வாரனும் காட்டி, 2005இல் நோபல் வாங்கினார்கள். அந்தப் பாக்டீரியாவுக்கான கூட்டு மருந்திலும் இந்த மாத்திரை ஒன்று. இதை விஷம் என்று பேசுகிறவர்கள் அறுவைத் தழும்போடு இருக்கிற ஒரு பெரியவரிடம் போய்ப் பேசிப் பார்க்கட்டும்.

ஆனால் நல்ல மருந்து என்பதற்காகக் காலம் முழுக்க விழுங்குகிற மருந்து இல்லை. பலருக்கு நாலு வாரமோ எட்டு வாரமோதான் தேவை, பிறகு மருத்துவர் பார்த்து நிறுத்தவோ குறைக்கவோ வேண்டும். (இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, தினசரி வலி மாத்திரை போடுகிறவர்கள் சிலருக்குத் தொடர்ந்து வேண்டியிருக்கும். நீங்களாகப் படக்கென்று நிறுத்தினால் சில நாள் அமிலம் முன்னைவிட எகிறும், அதனால் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.) எங்கள் ஊரில் நிறுத்தச் சொல்லி யாரும் கேள்விப்பட்டதில்லை. வருஷக்கணக்கில் போகிறது. அமிலம் குறைந்தால் சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேர்வதும் குறையும், பி12ம் குறையலாம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை. இவர்களில் ஒருத்திக்குக் காலையில் கேஸ் மாத்திரை, இரவில் இரும்புச்சத்து மாத்திரை. ஒன்று கதவைச் சாத்துகிறது, மற்றது தட்டிக்கொண்டு நிற்கிறது. தைராய்டு மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் வேடிக்கை. அதுவும் 'வெறும் வயிறு'தான். அமிலம் குறைந்தால் அதுவும் சரியாகச் சேராமல் போகலாம், அளவு பார்த்துத் திருத்த வேண்டும். இரண்டு வெறும் வயிற்று மாத்திரையையும் ஒன்றாக வரக்காப்பியோடு விழுங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

'ஒரு நாளைக்கு இருநூறு பேரைப் பாக்குறோம், ஒவ்வொருத்தர்கிட்டயும் டைம்டேபிள் கேட்டுக்கிட்டிருக்க முடியுமா?' இது நியாயமான கஷ்டம். அரசு மருத்துவமனை வரிசையில் நின்றவர்களுக்கு மருத்துவரின் களைப்பும் தெரியும். நான் கேட்பது ஒரே கேள்வி: 'மொத சோறு எத்தன மணிக்கு?' பத்து விநாடி. பதில் பத்தரை என்றால், 'பத்து மணிக்கு முன்னாடி மாத்திரையப் போட்டுருங்க.' அவ்வளவுதான். இராத்திரி படுத்தால்தான் எரிகிறது என்கிறவருக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்கிற வழக்கமும் மருத்துவத்தில் இருக்கிறது. மருந்து போட்டுத் தருகிற காகிதக் கவரில் காலை, மதியம், இரவு என்று கட்டம் அச்சடித்திருக்கிறார்கள், உணவுக்கு முன், பின் என்று டிக் அடிக்க இடம் இருக்கிறது. 'எத்தனை மணிக்கு' என்று ஒரு கோடு போட மட்டும் இடமில்லையாம்.

இதைப் படிக்கிற நண்பர்களே, உங்களையும் விட்டுவிட்டுப் போகிற உத்தேசம் இல்லை. இரவு இரண்டு மணி வரை படித்துவிட்டு அல்லது ஷிஃப்ட் பார்த்துவிட்டு, பதினொன்றுக்கு எழுந்து, பால் காப்பியோடு ஒரு மாத்திரை, மூன்று மணிக்குப் பிரியாணி. அறைத் தோழர்கள் மாத்திரை அட்டையைச் சிகரெட் மாதிரி பகிர்ந்துகொள்வதை நான் சென்னையில் பார்த்தேன். உங்களுக்கும் எங்கம்மாவுக்கும் பம்பு ஒன்றுதான். வித்தியாசம், நீங்கள் மூன்று மணிப் பிரியாணியை உங்கள் இஷ்டப்படி ஒரு மணிக்கு மாற்றிக்கொள்ள முடியும்.

எங்கம்மா இப்போது மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு போகிறார். பத்து மணிக்குச் செடியடியில் நின்றுகொண்டே போட்டுக்கொள்கிறார், பத்தரைக்கோ பத்தே முக்காலுக்கோ சோறு. மத்தியான எரிச்சல் இரண்டாவது வாரத்தில் குறைந்தது. ஆனால் பத்து மணிக்கு மாத்திரை போட, கூடையை இறக்கி வைத்துவிட்டு, தண்ணீர் இருக்கிற இடம் வரை நடந்து போய்வர வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருக்கிற நாளில் அந்த நடை அவர் கணக்கில்தான் கழிகிறது. நேத்து போனில் கேட்டேன், 'இன்னிக்குப் போட்டியாம்மா?' 'இன்னிக்கு எடை போடுற நாளு பாப்பா, போகல' என்றார்.